வீட்டில் பாட்டுக் கேட்கும் ஹெட்போனுக்குக் கணக்கு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பண்டிகைக் காலச் சிறப்புப் பக்கங்களில் ஹெட்போன், ஸ்பீக்கர் பற்றிய பரிந்துரைகள் வரும்போதெல்லாம் ஒரே மாதிரியான விவரங்கள்தான் அச்சாகின்றன: டிரைவர் (ஒலியை எழுப்பும் வட்டப் பகுதி) 40 மி.மீ., பேட்டரி இத்தனை மணி நேரம், இரைச்சல் நீக்கும் வசதி உண்டு, 'டீப் பேஸ்'. ஸ்பீக்கர் என்றால் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட், அதாவது ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச சக்தி என்று விளம்பரம் சொல்லும் எண். வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகப் பாட்டுக் கேட்க விரும்புகிறவருக்கு இவற்றில் எதுவும் உதவாது. டிரைவரின் விட்டம் ஒலியின் தரத்தைச் சொல்வதில்லை. பி.எம்.பி.ஓ.வை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு, அது எத்தனை ஓம் ஸ்பீக்கரில் என்பதே பயன்படும் தகவல். தங்கள் நாளிதழ் இனி ஹெட்போன் பற்றி எழுதும்போது அதன் ஓம் மதிப்பு (மின்தடை), உணர்திறன் (குறிப்பிட்ட மின்சக்திக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது), எடை, காதுமெத்தையும் வயரும் தனியாக வாங்கி மாற்றக் கிடைக்குமா என்ற விவரம் ஆகிய நான்கையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்கான காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

இன்று அதிகம் விற்கும் ஹெட்போன்கள் பேருந்திலும் மின்சார ரயிலிலும் போகிறவருக்காகச் செய்யப்பட்டவை. புளூடூத், மைக், இரைச்சல் நீக்கும் சுற்று, பேட்டரி என்று கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அவற்றுக்கே போய்விடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்பவருக்கு இவை தேவையில்லை. அதே விலைக்கு வயர் வைத்த ஹெட்போன் வாங்கினால் பணம் முழுவதும் ஒலிக்கே போகும். லித்தியம் பேட்டரி சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். காதுக்குள் செருகும் சின்ன ரகங்களில் பெரும்பாலும் அதை மாற்றவும் வழியில்லை. வயர் ரகத்தில் தேய்வது மெத்தையும் வயரும் மட்டுமே. சோனி எம்.டி.ஆர். 7506 என்ற ஒலிப்பதிவுக்கூட ஹெட்போன் 1991-லும், சென்ஹைசர் எச்.டி. 600 என்பது 1997-லும் சந்தைக்கு வந்தவை. இன்றும் விற்பனையில் இருக்கின்றன, உதிரிப்பாகங்களும் கிடைக்கின்றன. வீட்டுக்கு வாங்கும் பொருளை இப்படிப்பட்ட ஆயுளை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

அடுத்த கேள்வி, பின்புறம் மூடியதா திறந்ததா என்பது. ஓபன் பேக் எனப்படும் திறந்த ரகத்தில் டிரைவரின் பின்பக்க ஒலி வலை வழியாக வெளியே போய்விடும். கிண்ணத்துக்குள் மோதித் திரும்பாது என்பதால் குரலும் வயலினும் தலைக்குள் அடைபட்டது போல் இல்லாமல் விலகி நிற்கும், காதும் அதிகம் வியர்க்காது. இந்த இரண்டு காரணங்களால் வீட்டுக்கு இதுவே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் நம் ஊரில் ஒரு தடை உண்டு: மின்விசிறி. வேகத்தை ஐந்தில் வைத்துச் சுழலும் விசிறியின் காற்றோசை திறந்த ரகத்தின் வழியாக அப்படியே உள்ளே வரும், ஆலாபனையின் மெல்லிய இடங்களை மூடிவிடும். வேகத்தை இரண்டுக்குக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால், அல்லது பக்கத்தில் குழந்தை தூங்குகிறது, படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால், மூடிய ரகமே சரி. திறந்த ரகத்தில் நீங்கள் கேட்பது அறை முழுக்கக் கேட்கும்.

காதில் எப்படி உட்காருகிறது என்பதைப் பலரும் சொகுசு விஷயமாக மட்டும் நினைக்கிறார்கள். அது ஒலியையும் மாற்றும். மூடிய ரகத்தில் மெத்தை தோலோடு இடைவெளியின்றிப் பதிந்தால்தான் தாழ்ந்த ஒலி குறையாமல் கேட்கும். மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைச் சற்றே தூக்கினாலும், ஜிமிக்கி உள்ளே மாட்டிக்கொண்டாலும், இடைவெளி வழியாகப் பேஸ் கசிந்துவிடும். கடையில் நன்றாக இருந்தது வீட்டில் சன்னமாகக் கேட்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு, தோடு போடுபவர்கள் தோட்டோடு, குறைந்தது கால் மணி நேரம் மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும். எடை 250 கிராம் வட்டாரத்தில் இருந்தால் உச்சந்தலை வலிக்காது. 350-ஐத் தாண்டினால் தலைப்பட்டையின் அமைப்பு மிக நன்றாக இருக்க வேண்டும். இன்னொன்று: கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் செயற்கைத் தோல் மெத்தைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் உரிந்து கறுப்புச் செதில்களாக உதிரும். வியர்வையை உடனே உலர்ந்த துணியால் துடைப்பதும், அலமாரியில் சிலிக்கா ஜெல் பையோடு வைப்பதும் ஆயுளைக் கூட்டும். வெல்வெட் போன்ற துணிமெத்தை உரியாது. ஆனால் தோல் மெத்தைக்குப் பதில் துணிமெத்தை மாட்டினால் மூடிய ரகங்களில் பேஸ் குறையும். மெத்தையை மாற்றுவது ஒலியையே மாற்றுவதாகும் என்பதால், அந்த மாடலுக்கென்று செய்ததையே வாங்க வேண்டும்.

இனி ஓம் கணக்கு. ஒரு ஹெட்போன் 32 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் உணர்திறன் என்று வைத்துக்கொள்வோம். பாட்டின் உச்ச கணங்களுக்கு 110 டெசிபல் வரை இடம் வேண்டும். 10 டெசிபல் கூட என்றால் பத்து மடங்கு, அதாவது 10 மில்லிவாட், அதற்கு 0.57 வோல்ட் போதும். பெரும்பாலான போன்களும் லேப்டாப்களும் இதைத் தந்துவிடும். அதே உச்சத்தை 300 ஓம், 97 டெசிபல் ஹெட்போனில் எட்ட 20 மில்லிவாட், அதாவது சுமார் 2.45 வோல்ட் வேண்டும். போனில் அது வராது. வால்யூமை முழுதாக வைத்தும் ஒலி எழும்பாது. அதற்கு மேல் ஈக்வலைசரில் ஏற்றினால் ஒலி கிழியும். "விலை உயர்ந்த ஹெட்போன் வாங்கினேன், உயிரே இல்லை" என்று வரும் குறைகளில் பல இந்தப் பொருத்தமின்மையால் வருபவை. ஒரே மாடல் பல ஓம்களில் விற்கப்படுவதும் உண்டு: பேயர்டைனமிக் டி.டி. 770 புரோ 32, 80, 250 ஓம்களில் வருகிறது. தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) இல்லாதவர் 250 ஓம் வாங்கக் கூடாது. ஆம்ப் வாங்கும்போது அதன் வெளியீட்டு ஓம் மதிப்பு ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்டீரியோ ஆம்ப்களின் ஹெட்போன் துளையில் அது நூறு ஓமுக்கு மேலேயே இருக்கலாம். 32 ஓம் ஹெட்போனை அதில் செருகினால் பேஸ் வீங்கி, குழைந்துபோகும்.

ஹெட்போன் துளை இல்லாத போனுக்கு யூ.எஸ்.பி.-சி டாங்கிள் வேண்டும். மலிவான சில டாங்கிள்களில் உள்ளே வெறும் வயர்தான் இருக்கும். பல போன்களில் அவை வேலையே செய்யாது. உள்ளே டி.ஏ.சி. சிப் (டிஜிட்டல் பதிவை ஒலிக்கான மின்னலையாக மாற்றுவது) இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். புளூடூத்தே வேண்டும் என்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: மைக் இயங்கும்போது இணைப்பு போன் பேச்சுக்கான முறைக்கு இறங்கிவிடும், பாட்டும் தொலைபேசிக் குரல்போல் ஒலிக்கும். லேப்டாப்பில் திடீரென ஒலி கெட்டுப்போவதாகத் தோன்றினால், வீடியோ அழைப்புச் செயலி எதுவும் மைக்கைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று பாருங்கள். இசைச் செயலியிலும் ஒலித்தரம் 'ஆட்டோ'வில் இருக்கும். அதை உயர் தரத்துக்கு மாற்றுவதற்குச் செலவே இல்லை. குறைந்த தரத்தில் முதலில் சிதைவது தம்புராவின் மேல்சுரங்களும் கைதட்டலும் ஜால்ராவும்தான்.

கடையில் எதைப் போட்டுக் கேட்பது? கடைக்காரர் வைத்திருக்கும் பாட்டை அல்ல. நூறு முறை கேட்டு மனதில் பதிந்த பதிவுகளை எடுத்துப் போங்கள். கர்நாடக சங்கீதக் கச்சேரிப் பதிவு ஒன்று கட்டாயம் இருக்கட்டும்; கருவியைச் சோதிக்க அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. முதலில் மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத்தைக் கவனியுங்கள். கும்கி வரும்போது சுரம் வழுக்கி மேலே ஏறுவது தெரிய வேண்டும். அது 'டம்' என்று ஒற்றை இடியாக மட்டும் கேட்டால் அந்த ஹெட்போனின் பேஸ் அளவில் அதிகம், தெளிவில் குறைவு. வலப்பக்கமான வலந்தலையில் விழும் சாப்பு என்ற அடி கண்ணாடியில் சுண்டியதுபோல் கீறினால் மேல்பகுதி தூக்கலாக இருக்கிறது என்று பொருள். தந்திக்கு அடியில் ஜீவா நூலைச் சரியாக வைத்த தம்புராவில் ஒரே தந்தியிலிருந்து மேல்சுரங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்து அடங்கும். அது ஒரு மொத்த ரீங்காரமாகக் கேட்கக் கூடாது. நாகசுரம் இன்னும் கடுமையான தேர்வு. நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அதன் பலம் நிறைய இருக்கிறது. ஹெட்போனுக்கும் அங்கே ஒரு முகடு இருந்தால் பத்து நிமிடத்தில் கழற்றத் தோன்றும். பாடகரின் 'ச', 'ஷ' உச்சரிப்பு சீறுகிறதா என்றும் பாருங்கள். அது 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கோளாறு.

'டீப் பேஸ்' விளம்பரத்தின் தீங்கு குரலில்தான் தெரியும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயியின் 'ப') 98. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு ஷட்ஜம் 196, மந்திர பஞ்சமம் 147. எண்பதுகளின் திரைப்பாடல்களில் ஓடும் பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியோ 41 ஹெர்ட்ஸ். மலிவான ஹெட்போன்கள் 41-ஐத் தர முடியாமல் 100 முதல் 250 வரை வீங்கவைத்து அதையே பேஸ் என்று விற்கின்றன. அந்த வீக்கம் நேராகப் பாடகரின் தொண்டையில் போய் உட்காருகிறது. குரல் கம்பளிக்குள் இருந்து வருவதுபோல் இருந்தால் காரணம் இதுதான்.

இரண்டை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வைக்காவிட்டால் சோதனையே வீண். ஒன்றிரண்டு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதை மனம் 'நல்லது' என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும், ஒரே வரியைப் போட்டு, பாடகரின் குரல் ஒரே உரப்பில் வரும்வரை வால்யூமைத் திருத்திவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். இரு காதிலும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவு ஒன்றும் கையில் இருக்கட்டும். குரல் நெற்றிக்கு நேரே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் கோளாறு ஹெட்போனிலோ பதிவிலோ இருக்கிறது, மாறாவிட்டால் உங்கள் காதில்.

பழைய வானொலிப் பதிவுகளும் இசைத்தட்டு, கேசட்டிலிருந்து எடுத்தவையும்தான் பலருடைய சேமிப்பில் அதிகம். அரியக்குடி, ஜி.என்.பி. போன்ற பழைய கர்நாடக சங்கீத வித்வான்களைக் கேட்க விரும்புகிறவர், ஒவ்வொரு நுணுக்கத்தையும் பிரித்துக் காட்டும் பளிச்சென்ற ஹெட்போனை வாங்கினால் நுணுக்கத்தோடு நாடாவின் இரைச்சலும் கீறல்களும் பெரிதாகக் கேட்கும். இவர்களுக்கு மேல்பகுதி சற்று அடங்கிய, குரல் பகுதி நேராக உள்ள ஹெட்போன் வேண்டும். மோனோ பதிவு ஹெட்போனில் தலையின் நடுவே ஒரு புள்ளியாகக் குவிவதால் நெடுநேரம் கேட்கக் களைப்பாக இருக்கும். அப்பதிவுகளை ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பதே சுகம். அதற்கென ஒரு நல்ல ஸ்பீக்கர் போதும், ஜோடி வேண்டியதில்லை.

ஈக்வலைசரைத் தொடவே கூடாது என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. அது தவறு. விண்டோஸ் கணினிக்கு ஈக்வலைசர் ஏ.பி.ஓ. என்ற இலவச மென்பொருளும், ஆண்ட்ராய்டுக்கு வேவ்லெட் செயலியும் இருக்கின்றன. ஹெட்போனின் குறையை இவற்றால் பெருமளவு சரிசெய்யலாம். விதி ஒன்றே: 60 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் ஏற்றினால் மொத்த அளவை 6 டெசிபல் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். முடிந்தவரை ஏற்றுவதைவிட, தூக்கலாக இருப்பதை இறக்குவதே நல்லது. போனிலேயே உள்ள ஒலி மேம்பாட்டு வசதிகளை முதலில் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு திருத்தங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் எது எதைக் கெடுக்கிறது என்று தெரியாது.

ஸ்பீக்கருக்கு வந்தால், நம் வீட்டு அறைகள்தான் முதல் எதிரி. சிமெண்ட் பூச்சு, டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை, எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. பத்தடிக்குப் பத்தடி அறை, கூரையும் பத்தடி என்றால் நிலைமை மோசம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். பத்தடி இடைவெளியில் அது 57 ஹெர்ட்ஸில் எதிரொலித்து நிலைகொள்ளும், மூன்று திசையிலும் அதே 57. அந்தச் சுரம் சுவரோரத்தில் வீங்கும், அறையின் நட்டநடுவில் காணாமல் போகும். ஸ்பீக்கரைக் குறை சொல்லுமுன் நாற்காலியை இரண்டடி முன்னோ பின்னோ நகர்த்திப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை கொஞ்சம் மேல், 57-ம் 48-ம் எனப் பிரிந்துவிடும். இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக, ஆறடி ஆறடி தூரத்தில் அமையட்டும். உயர் சுரம் தரும் சின்னக் கூம்பு, உட்கார்ந்தவர் காது மட்டத்துக்கு, தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரத்தில் இருக்க வேண்டும். பின்சுவரிலிருந்து ஒன்று முதல் இரண்டு அடி தள்ளி வையுங்கள். ஷோகேஸ் தட்டுக்குள்ளும் அறை மூலையிலும் வைத்தால் பேஸ் கொழகொழக்கும்.

எதிரொலியைக் குறைக்க முட்டை அட்டைகளை ஒட்டுவதில் பயனில்லை. ஒரு அங்குல ஸ்பாஞ்சும் உயர் சுரங்களை மட்டும் விழுங்கி அறையை மந்தமாக்கும், பேஸ் அப்படியே இருக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் கால் அலைநீளமே சுமார் 87 சென்டிமீட்டர்; மெல்லிய பொருள் அதை எப்படித் தடுக்கும்? கனமான திரைச்சீலை, புத்தகம் நிறைந்த அலமாரி, பஞ்சு மெத்தை போட்ட கட்டில், தரையில் தடித்த கம்பளம் ஆகியவை அதிகம் உதவும். எங்கே தொங்கவிடுவது என்று அறிய, பக்கச்சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்தட்டும். உட்கார்ந்திருப்பவருக்கு எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கேதான் ஒலி முதலில் மோதித் திரும்புகிறது.

வயருக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். வீட்டு மின்வேலைக்கு வாங்கும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். ஐந்து மீட்டர் போய் ஐந்து மீட்டர் திரும்பினாலும் அதன் தடை 0.07 ஓம்தான்; 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சிவப்பு முனை சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் சேர்ந்திருக்கிறதா என்பது முக்கியம். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் பேஸ் மறைந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவும்.

ஆம்ப் போட்டதும் 'ம்ம்' என்று ஓயாமல் முனகினால் அது பெரும்பாலும் எர்த் வட்டச் சிக்கல், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு சேர்வதால் வருவது. செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் காரணம் அதுவே, அதற்கென்று உள்ள ஐசொலேட்டரை இடையில் போட வேண்டும். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் மாட்டுவதாலும் பல சமயம் தீரும். முனகலை நிறுத்த எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் உயிருக்கு ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மின்வெட்டின்போது மட்டும் ஆம்ப் உறுமினால் இன்வெர்ட்டர் சதுர அலை ரகமாக இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்களுக்குச் சைன் அலை இன்வெர்ட்டரே பொருந்தும்.

கடைசியாக ஒலி அளவு பற்றி. சன்னமாகக் கேட்கும்போது தாழ்ந்த சுரங்கள் அதிகமாக மங்கித் தெரிவது காதின் இயல்பு. ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே அளந்து காட்டியது. இரவில் பேஸ் போதவில்லை என்று வால்யூமை ஏற்றுவதைவிட, பழைய ஆம்ப்களில் 'லவுட்னஸ்' என்று இருக்கும் பொத்தானை அழுத்துவதோ, ஈக்வலைசரில் பேஸை மட்டும் 3, 4 டெசிபல் கூட்டுவதோ காதுக்கு நல்லது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரம் முழுவதற்கும் நான்கு மணி நேரம்தான். குழந்தைகளுக்கு 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். போன்களின் அமைப்பில் அதிகபட்ச வால்யூமைப் பூட்டும் வசதி பெரும்பாலும் இருக்கும். பிள்ளைகளின் போனில் அதை இன்றே போட்டுவிடுங்கள். கேட்டு முடித்தபின்னும் காதில் ரீங்காரம் இருந்தால் அன்றைக்கு அளவு மீறியது என்று பொருள். அது மறுநாளும் தொடர்ந்தால் காது மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்க வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
ஸ்ரீரங்கம், திருச்சி.